பல்லேகலப் பாதையில் ஒரு மன்னனும் அவனது துவக்குகளும்

ரெக்சாஸில் இருக்கும் என் மச்சான் தன் முதல் துவக்கை எடுக்கப் போகிறானாம். அரைத்தானியங்கித் துவக்கு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வேட்டு, அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கும். அங்கே அது சட்டப்படி கடையில் கிடைக்கும் சாமான். அவனுடைய குழப்பம் வேறு. கடையில் முழுதாக வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே எடுத்து வீட்டில் பூட்டுவதா? எது மலிவு, எது நம்பகம் என்று அரை மணித்தியாலம் தொலைபேசியில் விளக்கினான். பின்னால் மாமி அழாக்குறையாக ஏசுவது கேட்டது. பத்து வயதில் செல்லடிக்குள்ளால் இழுத்துக்கொண்டு வந்த பிள்ளை இப்போது காசு கொடுத்து துவக்கு வாங்குகிறது என்பதுதான் மாமியின் துயரம். நான் யார் பக்கமும் பேசவில்லை. அந்த நேரம் நான் பல்லேகலவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் பையில் கண்டியின் கடைசி மன்னனைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. மச்சான் கேட்ட கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் ஒரு அரசும் கேட்டிருக்கிறது. கடைகள் இருந்த கரை முழுவதும் எதிரியின் கையில் இருந்ததுதான் அந்த அரசுக்கு வந்த சிக்கல்.

பல்லேகல என்றால் இப்போது பலருக்கும் கிரிக்கெட் மைதானம்தான் நினைவு வரும். எங்கள் ஆட்களில் சிலருக்குச் சிறைச்சாலை. போகம்பரையில் இருந்த பழைய சிறையை 2014 இன் தொடக்கத்தில் இங்கே மாற்றிய பிறகு, வடக்கிலிருந்து இரவு பஸ் எடுத்து, விடியக் கண்டியில் இறங்கி, சாப்பாட்டுப் பொதியோடு இந்தப் பாதையால் வந்துபோன தாய்மாரை எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் கொஞ்சம் அப்பால் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. இந்தப் பாதைக்கு நான் முதலில் வந்தது அந்த நாட்களில்தான். கண்டியிலிருந்து புறப்பட்டு தென்னகும்புரவில் மகாவலியைக் கடந்தால் குண்டசாலை, பல்லேகல, திகன, தெல்தெனிய, அதற்கு மேலே மலையேறினால் மெதமகாநுவர. 1815 பெப்ரவரியில் சிறீ விக்கிரம ராஜசிங்கன் தன் ராணிமாரோடு ஓடியதும் இந்தத் தும்பறைப் பக்கமாகத்தான்.

அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. 1780 இல் மதுரையில் பிறந்தவன். கண்டி அரசகுடும்பத்தில் 1739 இலேயே சிங்கள வம்சம் வாரிசின்றி முடிந்து, மதுரை நாயக்கர் உறவுமுறையினர் அரியணை ஏறத் தொடங்கியிருந்தார்கள். குண்டசாலையில் மாளிகை கட்டி வாழ்ந்த நரேந்திரசிங்கன்தான் அந்தப் பழைய வம்சத்தின் கடைசி ஆள். நாயக்கர்கள் தெலுங்கு வழியினர், பேச்சிலும் எழுத்திலும் தமிழ் புழங்கியவர்கள், ஆட்சியில் பௌத்தத்தின் காவலர்கள். அவனைத் தமிழ் மன்னன் என்று எங்களில் சிலர் மார்தட்டுவதும், அந்நியன் என்று அந்தப் பக்கத்தில் சிலர் எழுதுவதும் எனக்கு ஒரே பிழையின் இரண்டு முகங்களாகவே படுகின்றன. 1798 இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, மகா அதிகாரம் பிலிமத்தலாவை இந்தப் பதினெட்டு வயதுப் பையனைத் தெரிந்தெடுத்து முடிசூட்டினார். சொன்னதைக் கேட்பான் என்ற நம்பிக்கை. இறந்த மன்னனின் மைத்துனன் முத்துசாமிக்கும் அரியணைமேல் உரிமைக் கோரிக்கை இருந்தது. அவன் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்து, யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய பாதுகாப்பில் இருந்தான்.

கண்ணுசாமி பொறுப்பேற்ற அரசிடம் துவக்குகளுக்குக் குறைவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லும் ஈட்டியும் பிடித்து நவீன ஆயுதத்துக்கு எதிரே நின்ற மலைவாசிகள் என்ற ஒரு படம் இன்னும் எங்கள் மனதில் இருக்கிறது. அது உண்மையல்ல. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுவந்த திரித்துவக்கைப் பார்த்துச் சிங்களக் கொல்லர்கள் வெகு விரைவில் தாமே செய்யப் பழகிவிட்டார்கள். 1580களில் கோவாவில் இருந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோடன், துவக்குக் குழல் செய்வதில் இலங்கைக் கொல்லரை எல்லோருக்கும் மேலாகப் புகழ்ந்து எழுதிவைத்தார். பிறகு திரி போய், சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்பும் துவக்கு வந்தது. அதையும் செய்தார்கள். ஐரோப்பியத் துவக்குகளில் பொறியமைப்பு வலப்பக்கம் இருக்கும். கண்டித் துவக்கில் அது இடப்பக்கம். கட்டையின் பின்புறம் இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். குழலில் வெள்ளியும் பித்தளையும் பதித்த வேலைப்பாடு. மூன்று கால்களில் நிறுத்திச் சுடும் பெருந்துவக்குக்குக் கொடித்துவக்கு என்று பெயர். ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளி என்று கேலியாக அழைத்தார்கள், ஆனால் மலைப்பாதை வளைவில் அது இருந்தால் அஞ்சினார்கள். துவக்கு என்ற எங்கள் சொல்லும் சிங்களத்தில் புழங்கும் துவக்குவ என்ற சொல்லும் ஒரே துருக்கி மூலத்திலிருந்து வந்தவை. இந்தியத் தமிழர் சொல்லும் துப்பாக்கியும் அதே வேரில் வந்ததுதான்.

இவற்றைச் செய்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. நிலம் இருந்தது. இராசகாரியம் என்ற முறையில், கொல்லர் குடும்பம் தனக்குக் கிடைத்த வயலுக்கு ஈடாக அரசனுக்கு இரும்பு வேலை செய்தது. இரும்பை உருக்குவதற்குச் சப்ரகமுவப் பக்கம் தனியான குடிகள். சுடுபவர்களும் அப்படித்தான். கொடித்துவக்குப் பிரிவு, வெடிக்காரர் பிரிவு என்று தனித்தனி லேகம்கள் இருந்தன. அவர்களும் நிலத்துக்காகவே சேவித்தார்கள். போர் வந்தால் தம் சோற்றைத் தாமே கட்டிக்கொண்டு, மழைக்கு ஒரு தாலிப்பனை ஓலையையும் சுமந்து வருவார்கள். அரசனுக்கு அருகில் மட்டும் மலாய்க்காரரும் காப்பிரியரும் தென்னிந்தியரும் கொண்ட சிறு காவற்படை இருந்தது.

ஆக, செய்வது என்பது கண்டிக்கு இலகுவான பதில். ஆனால் கையால் செய்த துவக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு குழலும் தன் கொல்லரின் அளவில் இருக்கும். ஒருவனுடைய குண்டு பக்கத்தில் நிற்பவனுடைய துவக்குக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை. எதிரே வந்த ஆங்கிலேயப் படையின் துவக்கு அப்படியல்ல. குழல் நீளம் 39 அங்குலம், வாயின் விட்டம் முக்கால் அங்குலம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஒரு பெட்டித் தோட்டா வந்தால் முழு அணியும் சுடலாம். அழகில் கண்டித் துவக்கின் பக்கத்திலும் அது நிற்காது. மச்சானும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னான்: பாகங்களை எவன் செய்தாலும் பொருந்தும்படி அளவு ஒன்றாக இருப்பதால்தான் வீட்டில் பூட்ட முடிகிறதாம்.

அந்தக் காலத்தில் செய்வது என்ற வழியில் தெற்காசியாவில் அதிக தூரம் போனவர் திப்பு சுல்தான். பிரெஞ்சுக் கைவினைஞர்களை அழைத்து, ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெங்களூரிலும் பட்டறைகள் அமைத்து, சக்கிமுக்கித் துவக்கும் பீரங்கியும் ராக்கெட்டும் சொந்த மண்ணிலேயே செய்வித்தார். 1799 மே 4 அன்று கோட்டை வாசலில் விழுந்தார். கண்ணுசாமி முடிசூடி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கோட்டையைப் பிறகு நாங்கள் இன்னொருமுறை சந்திப்போம்.

துவக்கைச் செய்யலாம். மருந்தை? பல்லேகலவிலிருந்து வடகிழக்கே பார்த்தால் தெரியும் தும்பறை மலைத்தொடருக்குள், மீமுரேப் பக்கம், வெடியுப்புக் குகை ஒன்று இருக்கிறது. வௌவால்கள் ஆண்டாண்டாய் அடைந்த இடம். ஊரவர் அதன் சுவரைச் சுரண்டி வெடியுப்பு எடுத்ததை, ஆங்கிலேயப் படை மருத்துவர் ஜோன் டேவி நேரில் பார்த்து 1821 இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கரிக்குக் காடு இருக்கிறது. மூன்றாவது பொருள் கந்தகம். அது இந்தத் தீவில் எடுக்கும்படியாக எங்கும் இல்லை. கப்பலில் வரவேண்டும், துறைமுகத்தில் இறங்கவேண்டும், வியாபாரியின் மாட்டுத் தவளத்தில் மலையேற வேண்டும்.

கண்டியின் கழுத்து நெரிபட்டது அங்கேதான். 1766 இல் ஒல்லாந்தர், கண்டியையே எரித்துச் சூறையாடிய ஒரு போருக்குப் பின், தீவின் கரையோரம் முழுவதையும் ஓர் ஒப்பந்தத்தால் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண்டி கடலில்லாத நாடு. உப்புக்கூட அடுத்தவன் தந்தால்தான். 1796 இல் ஒல்லாந்தரைத் துரத்திக்கொண்டு ஆங்கிலேயர் வந்தபோது, கண்டித் தூதர்கள் உப்புக்கும் மீனுக்கும் ஒரு கரையும், தங்கள் பெயரில் ஓட சில மரக்கலங்களும் பெறுவதற்கு மதராஸில் பேச்சு நடத்தினார்கள். ஒரு முன்வரைவும் எழுதப்பட்டது. அன்றைய மன்னன் அது போதாதென்று ஒப்பமிடவில்லை. அதைவிடக் கூடுதலாக எதுவும் பிறகு கிடைக்கவுமில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு என் சின்ன வயது வந்தது. தாண்டிக்குளத்தைத் தாண்டி வராத பொருட்களின் பட்டியல்: பற்றரி, யூரியா, மண்ணெண்ணெய், சவர்க்காரத்துக்குக்கூட அளவு. எது ஆயுதத்துக்கு உதவும் என்று நினைத்தார்களோ அதை நிறுத்தினார்கள்; நின்றதில் பெரும்பகுதி பிள்ளைகளின் சாமான். கண்டியிலும் கந்தகம் நின்ற வாசலில்தான் உப்பும் நின்றது.

என் அம்மப்பாவிடம் ஓர் இடியன் இருந்தது. வாய்வழியாக மருந்திடித்துச் சுடும் நாட்டுத்துவக்கு, அனுமதிப்பத்திரத்தோடு, பன்றி காவலுக்கு. பக்கத்து வளவுக்காரர் தோட்டாத் துவக்கு வாங்கியிருந்தார். தோட்டா வவுனியாக் கடைக்காரன் தந்தால்தான், என் இடியனுக்கு அப்படியில்லை என்று அம்மப்பா பெருமையடிப்பாராம். எண்பதுகளில் இயக்கப் பெடியள் வந்து பக்கத்து வளவுத் துவக்கை எடுத்துப் போனார்கள்; இடியனைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். தொண்ணூறுகளில் அம்மப்பாவுக்கும் மருந்து இல்லை. தானே செய்த துவக்கும் கடை வாங்கிய துவக்கும் ஒரே வருடத்தில் ஊமையாகின என்று அம்மா சொல்வார்.

1803 க்கு வருகிறேன். கண்டியின் மூன்றாவது வழி அதில் தெரிகிறது: வாங்குவதும் இல்லை, செய்வதும் இல்லை, பறிப்பது.

புத்தளப் பக்கம் பாக்கு வாங்கிய வியாபாரிகளின் சரக்கைக் கண்டி ஆட்கள் பறித்தார்கள் என்பதைக் காரணமாக்கி, தேசாதிபதி பிரடரிக் நோர்த் போர் தொடுத்தார். கொழும்பிலிருந்து மக்டவலின் படை, திருகோணமலையிலிருந்து பார்புட்டின் படை. பெப்ரவரியில் இரண்டும் கண்டியில் சந்தித்தபோது நகரில் ஆளில்லை. அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. மன்னன் அங்குரன்கெத்தைக்குப் போய்விட்டான். மார்ச்சில் முத்துசாமிக்கு முடிசூட்டினார்கள். வணங்குவதற்குக் குடிகள் வரவில்லை. பிறகு மழை. காய்ச்சலும் வீக்கமும் படையை அரித்தன. பெரும்படை திரும்பிப் போக, மேஜர் டேவியின் பொறுப்பில் நோயாளிகளும் கொஞ்சம் மலாய்ச் சிப்பாய்களும் வெள்ளைச் சிப்பாய்களும் மிஞ்சினார்கள். கண்டி செய்ததெல்லாம் பாதைகளை அடைத்துக் காத்திருந்ததுதான். ஜூன் 24 அன்று, தாக்குதலுக்குப் பின், டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம் என்பது உடன்பாடு.

மகாவலி பெருகியிருந்தது. வட்டபுளுவத் துறையில் கடக்க முடியாமல் நின்றார்கள். பல்லேகலவிலிருந்து பார்த்தால் அது ஆற்றின் அக்கரை, சில கிலோமீற்றர் தூரம். முதலில் முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி தயங்கி, பிறகு கொடுத்தார். அவன் கொல்லப்பட்டான். அடுத்ததாக ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். அதன் பிறகு இருவர் இருவராக அழைத்துப்போய் வெட்டினார்கள். கண்டியில் படுத்திருந்த நோயாளிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் பாயிலேயே கொல்லப்பட்டார்கள். மலாய்ப் படை அதிகாரிகளான நூருதீனும் அவருடைய சகோதரரும் மன்னனுக்குச் சேவகம் செய்ய மறுத்ததால் உயிரிழந்தார்கள். டேவி சாகும்வரை கைதியாகவே கண்டியில் இருந்தார்.

இதை யார் உத்தரவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பிலிமத்தலாவையின் வேலை என்பார் சிலர், மன்னனின் கோபம் என்பார் சிலர். மன்னனை வீரனாக எழுதும் எங்கள் கட்டுரைகள் இந்த ஆற்றங்கரையை ஒரு வரியில் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. வாக்குறுதியை நம்பி ஆயுதத்தை வைத்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், அழைத்துப் போகப்பட்டவர்கள். இந்தத் தளத்தை வாசிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு வரிசைக்காக இன்னும் படம் தூக்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்நியப் படை என்பதால் அது வேறு கணக்காகிவிடாது.

வட்டபுளுவவுக்குப் பிறகு கண்டியின் கையில் ஒரே அளவுக் குழல் கொண்ட துவக்குகளும் பீரங்கிகளும் மருந்தும் சேர்ந்தன. மன்னனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்த வெற்றி தலைக்கேறியிருக்க வேண்டும். பறித்த பீரங்கிகளை இழுத்துக்கொண்டு கொழும்பை நோக்கி இறங்கினான். செப்டெம்பரில் ஹங்வெல்லவில் ஒரு சிறு கோட்டை. உள்ளே இருந்தவர்கள் மிகக் குறைவு. அதை எடுக்க முடியவில்லை. பீரங்கியைப் பறிக்கலாம், அதைக் குறிவைக்கத் தெரிந்த கையைப் பறிக்க முடியாது. பிடிபட்ட ஆட்களைக்கொண்டு சுடுவித்துப் பார்த்தார்கள். சொந்தப் படை நிற்கும் கோட்டைமேல் எவன் மனமுவந்து குறிவைப்பான்? படை சிதறி ஓடியது. மன்னனும் ஓடினான். ஓடிய கோபத்தில், தன் தளபதி லெவுக்கே திசாவையின் தலையை வெட்டுவித்தான். ஏறக்குறைய அறுபது வருடங்களுக்கு முன் அதே லெவுக்கே குடும்பத்துத் திசாவை ஒருவரின் பெயரில்தான், வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்று அரசனுக்குப் பரிசாகப் போயிருந்தது. ஒல்லாந்தர் 1765 இல் அதைக் கொள்ளையிட்டுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பெருந்துவக்குகளோடும் வாள்களோடும் சேர்த்து 2023 இல்தான் கொழும்புக்குத் திருப்பித் தந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜோன்ஸ்டன் என்ற கப்டன் சிறு படையோடு மட்டக்களப்பிலிருந்து நடந்து கண்டி வரைக்கும் வந்தார். வருவதாக இருந்த மற்ற அணிகள் வரவில்லை. திருகோணமலைக்குத் திரும்பும் வழியெல்லாம் காட்டுக்குள்ளிருந்து சூடு. கையால் செய்த துவக்கு தன் இடத்தில் இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. காடும் மலையும் மழையும் இருக்கும்வரை கண்டியின் துவக்கு போதுமானது. சமவெளியில் இறங்கினால் போதாது. அதற்குப் பிறகு பத்து வருடம், எழுதாத ஓர் ஓய்வு.

அந்தப் பத்து வருடங்களில் மன்னன் தன்னை அழித்துக்கொண்டான் என்பது என் கணிப்பு. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கண்டிக் குளமும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தவை. குளத்தை வெட்டியது இராசகாரியத்தின் பெயரால் இழுத்துவரப்பட்ட குடிகள். ஆத்திரம் ஊர்களில் சேர்ந்தது. 1811 இல், சதிசெய்த பிலிமத்தலாவைக்கு மரணதண்டனை. அடுத்த மகா அதிகாரம் எஹெலப்பொல 1814 இல் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினார். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் மன்னன் கண்டியில் கொல்வித்தான். சின்னப் பிள்ளைகள். அதை நியாயப்படுத்தும் எந்த எழுத்தையும் நான் மதிப்பதில்லை. அதே வருடக் கடைசியில் கரையிலிருந்து வந்த வியாபாரிகளை ஒற்றர் என்று பிடித்து மூக்கும் காதும் அறுத்து அனுப்பினார்கள். கந்தகமும் உப்பும் செய்தியும் கொண்டுவரும் ஒரே ஆள் வியாபாரி. மலைநாட்டுக்கு மிஞ்சியிருந்த கடைசி வாசலை மன்னன் தானே அடித்து மூடினான்.

இன்னொன்றும் இருக்கிறது. துவக்குகள் அரசனுடையவை என்று சொன்னேன், ஏட்டில் அப்படித்தான். நடைமுறையில் கொல்லனின் நிலமும் வெடிக்காரனின் நிலமும் திசாவைகளின் ஆணைக்குள் இருந்தன. திசாவை கூப்பிட்டால் துவக்கு வரும், கூப்பிடாவிட்டால் வீட்டுக் கூரைக்குள் கிடக்கும். 1815 ஜனவரியில் தேசாதிபதி பிரவுன்றிக் போர் அறிவித்து எட்டு அணிகளை மலைக்கு அனுப்பியபோது, திசாவைகள் கூப்பிடவில்லை. மொல்லிகொட எதிர்ப்பக்கம் போனார். 1803 இல் ஒரு படையையே விழுங்கிய கணவாய்கள் ஏறக்குறைய வேட்டுச் சத்தமில்லாமல் திறந்தன. பெப்ரவரி 14 அன்று கண்டி விழுந்தது.

மன்னன் தும்பறைக்கு ஓடி, மெதமகாநுவரைக்கு அருகே போமுரே என்ற இடத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தான். பெப்ரவரி 18 அன்று அவனைப் பிடித்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அல்லர், எஹெலப்பொலவின் ஆட்கள். கொடியால் கட்டினார்கள். ராணிமாரின் காதணிகளை இழுத்துப் பறித்தார்கள். ஜோன் டொய்லி வந்து பொறுப்பேற்ற பிறகே அவர்களுக்கு மரியாதையான துணி கிடைத்தது. மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம். கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பிரதானிகளுக்கும் அதிக நாள் எடுக்கவில்லை. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். சேருமுன், ஆங்கிலேயர் தந்த துவக்குகளையும் மருந்தையும் அவர்களிடமே திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை மலைநாடு முழுதும் சொல்லப்படுகிறது. கேட்க அழகான கதை; ஆனால் அந்த மருந்தை வைத்திருந்தால் என்ன என்று என் மனம் ஒரு நொடி கணக்குப் போட்டதை மறைக்கவில்லை. 1818 நவம்பரில் போகம்பரையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. ஊவாவில் வீடும் வயலும் மாடும் அழிந்தன. பிறகு ஊர் ஊராகத் துவக்குகளைத் திரட்டினார்கள். கொல்லர் மண்வெட்டியும் கத்தியும் செய்யத் திரும்பினார்கள். சில பத்தாண்டுகளில் தும்பறைச் சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன, பல்லேகலவிலும். அவற்றில் வேலைக்கு நடந்து வந்தவர்கள் கண்ணுசாமி பிறந்த நாட்டுப் பக்கத்துச் சனம்தான்.

மன்னனை 1816 ஜனவரியில் கப்பலேற்றி மதராஸுக்கும், அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். திப்புவின் பிள்ளைகள் அங்கே இருந்து, 1806 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். துவக்குகளைத் தானே செய்த இரண்டு அரசுகளின் குடும்பங்களையும் அடுத்தடுத்து அடைத்துவைத்த மதில் அது. பதினாறு வருடம் ஓய்வூதியத்தில் வாழ்ந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். அதே ஆண்டில் இலங்கையில் இராசகாரியமும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அம்மாவை வைத்தியத்துக்கு வேலூர் கூட்டிப்போனபோது பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தைப் பார்த்தேன். தமிழ்நாட்டு அரசு 1990 இல் கட்டியது. அன்று அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அது கோயில் அல்ல என்று நான் சொல்லவில்லை.

பல்லேகலவில் ஏறிய பஸ் தெல்தெனியவைத் தாண்டி மெதமகாநுவரையில் இறக்கிவிட்டது. மன்னன் பிடிபட்ட இடத்தை நினைவுபடுத்தும் கல்லுக்குத் தேநீர்க் கடை ஐயா ஒருவர் வழி காட்டினார். எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் கதைத்தோம். எந்த ஊர் என்று கேட்டார், கிளிநொச்சி என்றேன். தன் தாத்தாவிடமும் பன்றிக்கு ஒரு நாட்டுத்துவக்கு இருந்தது, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காமல் பொலிசில் ஒப்படைத்தாயிற்று என்றார். அம்மப்பாவின் இடியனைப் பற்றி நானும் சொன்னேன். 2008 கடைசியில் வீட்டு முகட்டில் அப்படியே விட்டு நடந்தோம். 2011 இல் திரும்பியபோது முகடு இல்லை. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரவு மச்சானுக்கு எழுதினேன்: வாங்கினாலென்ன பூட்டினாலென்ன, முதலில் மாமியோடு கதை. அவன் இன்னும் பதில் போடவில்லை.